அலைக்குளத்தில் நாற்பது நிமிடம்

ஆலங்குடி
11.08.2025

சுகுணாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. உன் அம்மா காரியத்துக்கு நீ வந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றும் நாம் பேசிக்கொள்ளவில்லை. உன் பழைய நம்பரைப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். புது நம்பரை உன் அண்ணனுக்குக்கூட நீ தரவில்லை. நீ வேலை பார்க்கிற நூலகத்து விலாசத்துக்கு எழுதினால் உன் கைக்கே வந்து சேரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

விஷயம் இனியாவைப் பற்றியது. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அக்டோபரில் பள்ளியிலிருந்து டூர் போகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே தீம் பார்க்குக்கு. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை நாலு நாள் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தாள். நானாகத் தேடி எடுத்து, ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: "அங்க போனா அத்தைக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிரும்மா."

அத்தைக்கு என்ன ஆனது என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன், சாப்பாடு போடாமல்கூட உட்கார்ந்து பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள், அவ்வளவுதான்.

2015 மே மாதம் அங்கே போன நாள் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. உன் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். உனக்கு நிச்சயம் முடிந்து இரண்டு வாரம். கல்யாணத்துக்கு முன்னால் தங்கச்சியை எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று அவர்தான் வேன் பிடித்தார். நம் நாலு பேருக்கும் அதுதான் முதல் தடவை. வாசலில் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். இனியா அதைக் கழற்ற விடாமல் கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். ஆறு வயது. ஆளுயரக் கரடி வேஷம் போட்டவனைப் பார்த்து என் சேலைக்குள் ஒளிந்தாள். மத்தியானம் அவளை உன்னிடம் அலைக்குளத்துக்கிட்டே விட்டுவிட்டு நானும் உன் அண்ணனும் அந்தப் பெரிய ரயில் ராட்டினத்துக்குப் போனோம். தலைகீழாகத் தொங்கியபோது கீழே சைரன் ஊதுவது கேட்டது. அலை விடப் போகிறார்கள் என்று அவர் கத்திச் சொன்னார், நான் சிரித்தேன். இன்றுவரை அந்தச் சிரிப்புக்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

திரும்பி வந்தால் உன்னையும் காணோம், பிள்ளையையும் காணோம். நாற்பது நிமிடம். தண்ணீருக்குள் இருந்த ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். காணாமல்போன பிள்ளைகளை உட்கார வைக்கும் அறையில் நனைந்த கவுனோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழக்கூட இல்லை. கால் மணி நேரம் கழித்து நீ ஈரத் தலையோடு வந்தாய். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன் என்றாய். அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன். அது தப்பென்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

ஆனால் ஒரு மாதமாக இவள் ஒரு மாதிரி இருக்கிறாள். காலையில் கையிலிருந்து டம்ளர் தெறித்து விழுகிறது. வகுப்பில் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை என்று டீச்சர் சொல்கிறார். அந்த நாற்பது நிமிடத்தில் யாராவது என் பிள்ளையை ஏதாவது செய்தார்களா? நான் தூங்கியே ஒரு வாரம் ஆகிறது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரண்யா


பொன்னமராவதி
18.08.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இனியாவை யாரும் எதுவும் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தை ஏதோ பயந்ததை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாள்.

நம்பர் தராததற்குக் காரணம் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம், யார் போனை யார் வேண்டுமானாலும் எடுப்போம். வீட்டு விலாசத்துக்கும் எழுதிவிடாதீர்கள். நூலகத்துக்கு வருவது போதும். முடிந்தால் அதுவும் வேண்டாம்.

டூருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர்ப் பக்கம் மட்டும் விட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு ரோட்டைத் தாண்டும்போதும், மாடிப்படி ஏறும்போதும் பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சுகுணா


ஆலங்குடி
23.08.2025

சுகுணா,

ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, தண்ணீர்ப் பக்கம் விடாதே, மாடிப்படியில் தனியாக விடாதே என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்த தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலையில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

பஸ் ஸ்டாண்டில் அவளை விட்டுவிட்டு, நான் வேலை பார்க்கிற கூட்டுறவு சங்க ஆபீசுக்குத் திரும்பினேன். முந்தின நாள் இரவு வெகுநேரம் படித்திருந்தாள். பின்னால் பஸ் ஹாரன் விடாமல் அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் புதுக்கோட்டை பஸ் உள்ளே நுழையும் வழியில் நடுவாக நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது. பஸ்ஸைப் பார்க்கவில்லை. தோள் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. டிரைவர் பிரேக் போட்டு இறங்கி வந்து, "ஏம்மா, சாகுறதுக்கு எம் பஸ்தான் கெடச்சுச்சா" என்றார். நான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். அதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. "என்னம்மா, ஏன் எல்லாரும் இங்கிட்டுப் பாக்குறாங்க" என்று கேட்கிறாள்.

உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் குவைத்தில் இருந்துகொண்டு, பிள்ளைக்கு யார் மேலேயாவது இஷ்டமா, பரீட்சைப் பயமா என்கிறார். பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.

நீ எதையோ அறிந்து வைத்திருக்கிறாய். அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வரவில்லை என்றால் உன் வீட்டுக்கே வந்து உன் புருஷன் முன்னால் உட்கார்ந்து கேட்பேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுதவும் எழுதிவிட்டேன். ஆனால் வர மாட்டேன். நீ எதற்கோ பயப்படுகிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, உன் குடும்பத்தைக் கெடுத்து என் பிள்ளை பிழைக்க வேண்டாம். நீயாகச் சொல். அவள் இப்போது குளியலறைக்குப் போனால் தாழ்ப்பாள் போட விடாமல் வெளியே நிற்கிறேன்.

சரண்யா


பொன்னமராவதி
28.08.2025

அண்ணி,

இதைப் படித்து முடித்ததும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். எனக்கு அப்படித்தான் ஒரு வருடம் வீணாகப் போனது.

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பதினாலு வயதில் வந்தது. முதலில் கையிலிருந்து டம்ளர்தான் விழுந்தது. காலை நேரத்தில்தான். அம்மா திட்டிக்கொண்டே துடைப்பார். பிறகு ஒருநாள் அடுப்படியில் விழுந்தேன். அண்ணன் அப்போதே குவைத்தில் இருந்தார், அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபிறகு உங்களுக்கும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருப்போம். நிச்சயம் ஆனதும், "மாப்பிள்ளை வீட்டாளுக வந்துபோற நேரம், யாரு கண்ணுலயாச்சும் பட்டுச்சுன்னா என்னடி பண்றது" என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல்தான் அன்றைக்கு வேனில் ஏறினேன்.

முந்தின இரவு வேனில் யாரும் தூங்கவில்லை. காலையிலிருந்தே என் கை லேசாக வெட்டிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். ராட்டினத்தில் ஏற மாட்டேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீங்கள், நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷமாகப் போனீர்கள்.

வாடகைக்குக் கொடுத்த நைலான் சட்டையை மாட்டிக்கொண்டு இனியாவோடு தண்ணீரில் இறங்கினேன். எனக்குத் தொடைவரை, அவளுக்கு நெஞ்சுவரை. சைரன் ஊதியதும் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். அலை வந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணுக்குள் விட்டு விட்டு அடித்தது. அவள் கையைப் பிடித்திருந்தேன் என்பதுதான் எனக்குக் கடைசியாகத் தெரியும்.

கண் விழித்தபோது முதலுதவி அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இனியா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கைவிரலெல்லாம் என் தலைமுடி சுற்றியிருந்தது. அந்த நர்சம்மா சொன்னார்: "நீங்க உள்ள போயிட்டீங்கம்மா. இந்தக் குழந்தைதான் உங்க முடியைப் பிடிச்சு முகத்தை மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அலை அதையும் சேர்த்துப் புரட்டியிருக்கு, விடலை. காவலுக்கு நின்ன பொண்ணு பார்த்து ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்துச்சு."

அண்ணி, நீங்கள் பத்து வருடமாக நான் உங்கள் பிள்ளையைத் தனியே விட்டுப் போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை என்னை விடவில்லை. அதனால்தான் நான் இருக்கிறேன்.

நான் செய்த பாவம் அதற்குப் பிறகுதான். நீங்களும் அண்ணனும் அந்த அறைக்கு வந்தால் எல்லாம் தெரிந்துவிடும், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். அந்தக் குழந்தையைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னேன்: "பாப்பா, அத்தைக்கு இப்படி ஆனதை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அத்தை செத்துப் போயிருவேன்." அவள் சரி என்று தலையாட்டினாள். அங்கிருந்த ஆளிடம், பெற்றோரிடம் சேர்த்துவிடுங்கள் என்று அவளை அனுப்பினேன். நீங்கள் அறைந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் வேறு எதையும் கேட்கவில்லையே என்று.

அவள் ஒரு வார்த்தை பேசியிருப்பாளா என்று பத்து வருடத்தில் எத்தனை தடவை உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறேன் தெரியுமா. அவள் பேசவில்லை. உங்கள் கடிதத்தில் அவள் சொன்னதாக எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் அவள் முதன்முதலில் சொன்னது.

என் கணவர் ரெங்கராஜுக்கு இன்னும் தெரியாது. சத்து மாத்திரை டப்பாவில் போட்டு நூலக மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கடைசியாக வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால், தனியாக இருக்கும்போது.

அவள் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. தூக்கம் கெடவே கூடாது. அத்தைக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அது அவர்களுக்கு முக்கியம்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

சுகுணா


ஆலங்குடி
08.09.2025

சுகுணா,

தஞ்சாவூர் போய் வந்தோம். தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டியதும் என் கண் முன்னாலேயே அவள் கை வெட்டியது. உனக்கு இருப்பதுதான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எல்லாரையும்போல இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோது, உண்டு, அத்தைக்கு என்றேன். இனியா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். வெளியே வந்ததும், "ஏம்மா சொன்னீங்க, ஏம்மா சொன்னீங்க" என்று அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினாறு வயது. சொன்னால் யாரும் சாக மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் உன் உயிரைக் கொடுத்துப் பூட்டி வைத்திருக்கிறாய் சுகுணா. இரண்டாம் வகுப்பில் மூன்று மாதம் படுக்கையை நனைத்தாள், உடம்புச் சூடு என்று நினைத்தேன். நீ ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் உன்னை விட்டு நகராமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை மேல் எவ்வளவு பாசம் என்று உன் அம்மா பெருமையாகச் சொல்வார். இப்போதுதான் புரிகிறது, நீ விழுந்துவிடுவாயோ என்று காவல் காத்திருக்கிறாள்.

உன்னை அறைந்ததற்கு எனக்கு இப்போது வருத்தம் உண்டு. இதற்காக உன் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அவள் மாத்திரையை விழுங்க மாட்டேன் என்கிறாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நாக்கடியில் வைத்திருந்து துப்புகிறாள். முந்தாநாள் ஜன்னலுக்கு வெளியே மூன்று மாத்திரை கிடந்தது. மாத்திரை போட்டால் உண்மையாகிவிடும் என்கிறாள். அப்புறம் நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதானே இருக்கணும் என்று கேட்கிறாள். நான் சொல்வது எதுவும் ஏறவில்லை. எனக்கு அந்த நோய் இல்லையே.

நேற்றுக் காலையில் முழுசாகவே வந்துவிட்டது. கூடத்தில் விழுந்தாள். நீ எழுதியபடியே ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இரண்டு நிமிடம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

நீ வர வேண்டும். நீ அவளிடம் போட்ட பூட்டு, நீதான் திறக்க வேண்டும். ஆலங்குடிக்கு எதற்குப் போகிறாய் என்று உன் வீட்டில் கேட்பார்கள், எனக்குத் தெரியும். என்ன சொல்வாய் என்பதை நான் சொல்லித்தர மாட்டேன்.

சரண்யா


பொன்னமராவதி
15.09.2025

அண்ணி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். பாதி சொல்வதற்குள் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். வலிப்பு வருகிறதென்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அந்த ஒரு நகர்தலுக்குத்தான் நான் பத்து வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அது நடந்தே விட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஒங்க வீட்டுல எல்லாருமா சேந்து தெரிஞ்சேதான் கட்டி வச்சீங்களா?" அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அரிமளத்தில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று கடை திறக்கவில்லை. போன் எடுக்கவில்லை.

வீட்டில் தனியாக இருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த காலத்தில் இந்த நோயைப் பார்த்து நான் இவ்வளவு பயந்ததில்லை. இப்போது ஒவ்வொரு தடவை கண்ணைச் சிமிட்டும்போதும் பயமாக இருக்கிறது. ஆனாலும் நூலகத்துக்குப் போனேன். இழுப்பறையிலிருந்த மிச்ச மாத்திரைகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். பேப்பர் படிக்க வரும் வீரய்யா தாத்தா, பிரஷரா என்று கேட்டார். இல்லை, வலிப்பு என்றேன். சரி என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். நான் வருவதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் வழியில் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுவாள். மாத்திரை போட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

சுகுணா


ஆலங்குடி
06.10.2025

அன்புள்ள சுகுணா,

நீ வந்துபோன பிறகு ஒருநாள்கூட மாத்திரை விட்டுப் போகவில்லை. நீயும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் விழுங்கினீர்களே, அதற்கு அப்புறம் நான் ஜன்னலுக்கு வெளியே போய்த் தேடுவதை நிறுத்திவிட்டேன். அவளுக்கு நீ சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. "நான் ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன் பாப்பா" என்று நீ சொன்னதும், அவள் உன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்ததும் அடுப்படியிலிருந்து தெரிந்தது. நான் வெளியே வராமல் அங்கேயே நின்றுகொண்டேன்.

டூருக்கு இந்த வருடம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை போனார்கள். இவள் முழுநாளும் அழுதாள். பயத்தில் இல்லை, போக முடியவில்லையே என்று. அந்த அழுகை எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்தார். அரிமளத்திலிருந்து பைக்கில். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார், உன்னை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "அக்கா, கல்யாணத்தப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது தம்பி, ஆகஸ்டில்தான் தெரியும் என்றேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல முடியவில்லை. தெரியலை தம்பி என்றேன்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். உன் மேல் கோபம் இருக்கிறது, அது போகவில்லை. ஆனால் மூன்று வாரமாக அரிமளத்தில் தூக்கம் இல்லை, நீ தனியாக விழுந்து கிடப்பதுபோலவே தோன்றுகிறது என்றார். "பக்கத்துல இருந்தாலும் எனக்கு என்ன செய்யணும்னு தெரியாதுக்கா. அன்னைக்கி அவ பல்லக் கடிச்சப்ப நான் பின்னாடிதான் போனேன்" என்றார்.

இனியா உள் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து கூடத்தில் தரையில் மல்லாந்து படுத்தாள். "மாமா, நான் விழுந்துட்டேன்னு வச்சுக்கங்க. வந்து திருப்புங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து முட்டி போட்டார். ஹார்டுவேர் கடையில் இரும்பைத் தூக்கிப் போடுகிற கை, சுகுணா. அவள் தோளைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டே, எந்தக் காலை மடிக்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும், தலைக்கடியில் என்ன வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் தடவை தப்பாகத் திருப்பினார். மறுபடியும் மல்லாந்து படுத்தாள். நாலு தடவை. நாலாவது தடவை திருப்பிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் முழுவதும் எண்ணினார். சத்தமாக எண்ணினார்.

டீ போடுகிறேன் என்றேன், இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் அங்கே வந்தாரா, சுகுணா?

அண்ணி
சரண்யா